காயாத கடலைச் செடி

என் ராத்தாவுக்கு வாப்பா குடை பிடித்ததை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. நான் கொட்டும் மழையில் பள்ளிக்கூடம் போனபோது வாழை இலையைக் காட்டியவர் அவர். பல்லேகமவுக்கு அப்பால், காடு வெட்டி மழையை நம்பிப் பயிரிட்ட எங்கள் சேனையில், மூத்த மகளுக்கு மட்டும் வெயில் படாமல் மணிக்கணக்காகக் குடை பிடித்தார்.

ராத்தாவுக்கு விவசாய ஆராய்ச்சியில் வேலை. புருவம் பிடுங்கும் இடுக்கியால் கொண்டைக்கடலைப் பூவைத் திறந்து, வேறொரு இனத்தின் மகரந்தத்தைத் தடவுவாள். அப்படிக் கிடைத்த விதைகளை அடுத்த போகத்தில் விதைத்து, பூக்கும் பருவத்தில் தண்ணீரை அடியோடு நிறுத்தினாள். அப்போதும் காய்க்கிற செடி எதுவோ, அதன் விதைதான் அவளுக்கு வேண்டும். நாம் தின்கிற கடலையெல்லாம் கப்பலில் வருகிறதே, கப்பல் வராவிட்டால் என்ன செய்வது என்பாள். வாப்பா பெரிதாகத் தலையாட்டுவார். நான் வகுப்பில் முதலாவதாக வந்தபோது அந்தத் தலை அசையவில்லை.

பாத்தி முழுவதும் காய்ந்து சருகானது. மூலையில் ஒரே ஒரு செடி மட்டும் காய்த்துக் குலுங்கியது. ராத்தா துள்ளினாள். உம்மா வட்டிலப்பம் அவித்தாள். வாப்பா பக்கத்துச் சேனைக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார்.

"என்ட மக உண்டாக்கின கடலை. இனி மழைய நம்பி இருக்கத் தேவல்ல."

எல்லாரும் விதை கேட்டார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அஸர் தொழுகைக்கு முன் வாப்பா கேத்தலோடு போய் ஒளு எடுப்பது அந்த மூலையிலிருந்த கல்லில்தான். முகம், கை, கால் கழுவிய தண்ணீர் அவ்வளவும் அந்தச் செடியின் வேருக்குத்தான் ஓடியது. பாவம், அது பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிற கணக்கில் சேரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அத்தனை பேர் முன்னாலும் உரக்கக் கேட்டேன்.

"வாப்பா, நீங்க அந்தச் செடிக்குப் பக்கத்துலதானே தெனமும் ஒளு எடுக்குறீங்க?"

வாப்பாவின் முகம் செத்துப்போனது. ராத்தா குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள். ஈரம். வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். எனக்கு அன்றுதான் பெருநாள்.

ராத்தா அழுவாள், வாப்பா என்னைத் தூக்கிக்கொள்வார் என்று காத்திருந்தேன். அழத்தான் செய்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை இழுத்து அணைத்தாள்.

"நல்ல நேரத்துல சொன்ன, தங்கச்சி. இத நம்பி விதைச்சிருந்தா இவங்கட சேனையெல்லாம் காஞ்சி போயிருக்கும்."

அந்தச் செடியைத் தன் கையாலேயே பிடுங்கினாள். வாப்பா தலையைத் தடவிக்கொடுத்தார். அவளுடைய தலையைத்தான், வேறு யாருடையதை?

ராத்தா பச்சைக் கடலையை உரித்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்காமல் ஓவென்று அழுதேன். எல்லார் முன்னாலும் தோற்றவள் அவள். அவள் எதற்கு எனக்கு நன்றி சொல்கிறாள், வாப்பா எதற்கு அவளை முன்னைவிடப் பெருமையாகப் பார்க்கிறார் என்பது அன்று எனக்கு விளங்கவே இல்லை.