மாவுக்காரம்மா கேட்கிற கேள்வி

"கேட்டுல மாட்டிட்டுப் போக்கா" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வருகிறது. சுலோச்சனா மாட்ட மாட்டாள். மாவுப் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டியின் ஹாரனை விடாமல் அழுத்துவாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி அந்த வீட்டுப் பெண் வாசலுக்கு வந்தால்தான் பாக்கெட் கைமாறும். "மூஞ்சக் காட்டாம மாவு கெடையாது" என்பாள்.

ரேணிகுண்டா ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருக்களில் காலை நேரத்தில் இட்லி மாவு விற்கிறாள். புடவைக்கு மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டை. தெலுங்கு வீடுகளில் "பிண்டி", தமிழ் வீடுகளில் "மாவு". கோபம் வந்தால் மட்டும் எந்த வீட்டிலும் தமிழ்தான். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 14416 என்று அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர் இருக்கும். மனம் தாளாதவர்கள் கூப்பிட்டுப் பேச அரசாங்கம் வைத்திருக்கும் இலவச எண் அது. "துன்ற பொருள்ல இத்த எதுக்கு ஒட்டிக்கினு வர்ற?" என்று முகம் சுளித்து, வாங்குவதையே நிறுத்தியவர்கள் உண்டு. அப்படிச் சண்டை போட்ட ஒருத்தி வீட்டில் சுலோச்சனா தண்ணீர் குடிக்கப் போனபோது, திறந்திருந்த பீரோ கதவின் உள்பக்கத்தில் அந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அவளுடைய மகன் தீனா ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். சில மாதங்களாகப் பேச்சுக் குறைந்திருந்தது. ஷிப்ட் அலுப்பு என்று வீட்டில் நினைத்தார்கள். ஒருநாள் அவன் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். கணவர் திருமலை வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவர். உடல் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எல்லோருக்கும் போன் செய்து "நெஞ்சு வலி" என்று சொல்லிவிட்டார். சுலோச்சனாவும் அதையே சொன்னாள்.

"சொல்லிச் சொல்லி எனக்கே நெசம் மாதிரி ஆயிப்போச்சி. எம் புள்ள மனசுல இன்னா வெச்சிக்கினு இருந்தானோ, அத்த நெனச்சி அழக்கூட எடமில்லாம போச்சி" என்கிறாள் இப்போது.

வருஷ திதி அன்று திருமலையின் அக்கா பச்சையம்மாள் இலை முன் உட்கார்ந்து, "இந்த வயசுல நெஞ்சு வலி வருமா?" என்று புலம்பினாள். பரிமாறிக்கொண்டிருந்த சுலோச்சனா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நெஞ்சு வலி இல்ல அண்ணி. அவன் தானாத்தான் போய்ட்டான்."

திருமலை எழுந்து வெளியே போனார். மகள் ஹர்ஷினிக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அதற்குப் பிறகு வரவில்லை. ஹர்ஷினி நெடுநாள் அம்மாவிடம் பேசவே இல்லை. இப்போது வேறு இடத்தில் கல்யாணமாகி, எப்போதாவது போன் செய்கிறாள். திருமலை இன்றைக்கும் நெஞ்சு வலி என்றுதான் சொல்கிறார். ஒரே வீட்டில் ஒரு சாவுக்கு இரண்டு காரணங்கள்.

திதி முடிந்த சில நாளில், அதே தெருவைச் சேர்ந்த ஒருத்தி கொல்லை வழியாக வந்தாள். "எங்க வூட்டுக்காரரும் செத்துப்போறேன், செத்துப்போறேன்னு பேசிக்கினு இருக்காரு. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றாள். சுலோச்சனாவுக்கும் தெரியவில்லை. இருவரும் ஊரில் வீடு வீடாகச் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா பணியாளர் ரேகாவிடம் போனார்கள். திருப்பதி அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரை எங்கே பார்ப்பது என்று ரேகா சொன்னாள். அந்த மனிதரைக் கூட்டிப்போன பஸ்ஸில் சுலோச்சனாவும் ஏறினாள். அதிலிருந்து யார் கூப்பிட்டாலும் போகிறாள். வரிசையில் துணைக்கு உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான் தனக்குத் தெரிந்த வைத்தியம் என்கிறாள்.

எல்லோரும் பிழைக்கவில்லை. ஆட்டோ ஓட்டிய கிரண்குமார் தினமும் அவளைக் கிண்டல் செய்து சிரிப்பவன். அன்றைக்கும் வாசலுக்கு வந்துதான் மாவு வாங்கினான். சாயங்காலம் அவன் இல்லை. "சிரிச்சிக்கினேதாம்மா வாங்கினான். மூஞ்சப் பாத்தா தெரிஞ்சிடும்னு இருந்தேனே" என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

அதன் பிறகும் முகம் பார்க்கிறாள். ஆனால் முகத்தை நம்புவதில்லை. சந்தேகம் வந்தால் வாய்விட்டுக் கேட்டுவிடுகிறாள். அடுத்த தெரு சுஷ்மிதா கைக்குழந்தையோடு வந்து மாவை வாங்காமலே நின்றபோது அப்படித்தான் கேட்டாள். "செத்துப்போலாம்னு தோணுதா கண்ணு?"

சுஷ்மிதா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவன் பாய்ந்து வந்தான். "எம் பொண்டாட்டிய பைத்தியம்ன்றியா?"

"பைத்தியம்னு நான் சொல்லலப்பா. அவ அழுவறா பாரு. எத்தினி நாளா அழுவறான்னு அவளயே கேளு."

அவன் கேட்கவில்லை. சுலோச்சனாவும் அதே படியில் உட்கார்ந்தாள், எழவில்லை. மற்ற வீடுகளின் மாவு வெயிலில் பொங்கிப் புளித்தது. கடைசியில் அவன் இறங்கிவந்தான்; மூவரும் குழந்தையோடு திருப்பதிக்குப் போனார்கள். சுஷ்மிதா இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள், குழந்தையோடு சிரிக்கிறாள். அக்கம்பக்கத்தில் தைராய்டு மாத்திரை என்று சொல்லிவைத்திருக்கிறாள். சுலோச்சனா அதைத் திருத்துவதில்லை.

தீனாவுடையது மாதிரிச் சாவு நடந்த வீட்டுக்கு ஜனங்கள் வந்த வேகத்தில் திரும்பிவிடுகிறார்கள். சுலோச்சனா போய் உட்கார்கிறாள். சென்ற வாரம் ஏர்பேடு பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் புறப்பட்டபோது, அவளைப் பற்றி எழுத வந்த நானும் கூடப் போனேன். கல்லூரியில் படித்த மகள் காவ்யா போய்விட்டாள். வாசலில் அப்பா வந்தவர்களிடமெல்லாம் "வயித்து வலி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுலோச்சனா தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். சமையலறைச் சுவரில் சாய்ந்திருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "எம் புள்ளயும் இப்பிடித்தாம்மா போனான்" என்று மட்டும் சொன்னாள். பக்கத்து வீட்டார் கொண்டுவந்த சோறு மூடியபடியே இருந்தது.

அந்த அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "உம் புள்ள போனப்புறம் நீ எப்போ சோறு துன்ன?"

"நாளு நெனப்பில்ல. பசிச்சுது, துன்னேன். துன்னுட்டு, அய்யோ துன்னேனேன்னு அழுதேன்."

அந்த அம்மா மூடியிருந்த பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுலோச்சனா அதை இழுத்து, ஒரு தட்டில் சோற்றைப் போட்டு ரசம் ஊற்றிப் பிசைந்தாள். முதல் வாயைத் தான் தின்றுவிட்டு, தட்டை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.