இமானுவேல் மாஸ்டர் கண்கலங்குனது

எங்க வீட்டுக்காரரு சோணைமுத்து சிக்கல்ங்கிற ஊர்ல மிளகா வெள்ளாமை பண்றவரு. கோயில் திருவிழா வந்துட்டா கச்சேரியில கிட்டார்காரரு. அம்பது வயசு தாண்டியும் அவருக்குத் தெரிஞ்ச கார்டு நாலுதான். நாலஞ்சு கம்பியை ஒண்ணா அமுக்கி மீட்டுறதுக்குப் பேரு கார்டாம். அந்த நாலை வச்சே ஊரூராப் போயி ஒப்பேத்திக்கிட்டு இருந்தாரு, நானும் நிம்மதியா இருந்தேன்.

போன தை மாசம் சாயல்குடியில ஒரு கல்யாணம். கப்பல்ல வெள்ளைக்காரங்களுக்கு ஜாஸ் வாசிக்கிற இமானுவேல்னு ஒரு தம்பி, லீவுல வந்தவன், தனியா உக்காந்து கிட்டார் வாசிச்சான். நமக்குத் தெரிஞ்ச பாட்டுத்தான். ஆனா ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கார்டு மாறுது. இவரு இலையில சோத்தைப் பெசஞ்சவரு பெசஞ்சபடியே வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டு இருக்காரு. ரசம் ஊத்த வந்தவன் நின்னு பாத்துட்டு அடுத்த இலைக்குப் போயிட்டான்.

அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு. தன் வயசுல பாதி இருக்கிற பிள்ளையை மாஸ்டர், மாஸ்டருங்கறாரு. அந்தப் பிள்ளை கூச்சத்துல நெளியுது. எனக்கும் சொல்லிக்கொடுங்கன்னு தினம் போன் போட்டு உசுரை வாங்கிட்டாரு. கடைசியில அவனும், ஒருநா வந்து வாசிங்கண்ணே, கேட்டுட்டுச் சொல்றேன்னான். சரிப்பட்டா கப்பல்ல இருந்தே வீடியோ கால்ல சொல்லித்தருவானாம். அதுலருந்து இந்த மனுசனுக்குச் சோறு இறங்கல.

போற அன்னைக்கும் என்கூட உக்காந்து மிளகா வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கிட்டுத்தான் இருந்தாரு. பஸ் சத்தம் கேட்டதும் கிட்டாரைத் தூக்கிக்கிட்டு ஓடுனாரு.

சாயந்தரம் வந்தவரு மூஞ்சியைப் பாக்கணுமே. விரலை எங்கன வைக்கணும்னு மாஸ்டர் இவரு கையைப் பிடிச்சு வச்சுக் காட்டுனானாம். பெறகு இவரு வாசிக்க வாசிக்க, மாஸ்டர் கண்ணுலருந்து பொலபொலன்னு தண்ணி கொட்டுச்சாம். பாட்டு முடிஞ்சதும் ஒரு வார்த்தை பேசமுடியாம கொல்லைப்பக்கம் ஓடிட்டானாம். மாஸ்டரையே அழவச்சுட்டேன்னு டீக்கடை பூராவும் சொல்லிட்டுத்தான் வீட்டுக்கே வந்திருக்காரு.

எனக்குத் திக்குன்னு ஆகிப்போச்சு.

"கையைக் கழுவிட்டா போனீக?"ன்னு கேட்டேன்.

எங்க கை மரத்துப்போன கை, வத்தக்காரம் உறைக்காது. கழுவணும்ங்கிற நெனப்பே வராது. அந்தப் பிள்ளை இவரு கையைத் தொட்டுட்டு மூஞ்சியில வேர்வையைத் துடைச்சிருக்கும், வேறென்ன.

மனுசன் கையை மோந்து பாத்தாரு. கிட்டாரை உறைக்குள்ள போட்டுப் பரண்ல ஏத்திட்டுப் படுத்துட்டாரு. இந்தப் பாழாப்போன வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாக் காலையில நானே அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். இவருக்கும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல வச்சேன். மன்னிச்சுக்கப்பான்னதுக்கு ஒரே சிரிப்பு. கண்ணு இன்னும் செவப்பாத்தான் இருக்காம். அண்ணன் அடுத்து எப்ப வாராருன்னு கேட்டான். அம்புட்டு எரிச்சல்ல எந்திரிச்சுப் போயிக் கழுவிருக்கலாம்லப்பான்னேன்.

"உசுரே போச்சுக்கா. ஆனா நான் எந்திரிச்சா அண்ணன் நிப்பாட்டிருவாருல்ல. முழுசாக் கேக்கணும்போல இருந்துச்சு, உக்காந்துட்டேன்."

உள்ள பரணுக்கு ஏணி சாத்துற சத்தம் கேட்டுச்சு.

"ஏங்க,"ன்னேன், "மொதல்ல கையைக் கழுவிட்டு ஏறுங்க."