பன்னிரண்டு மீட்டர்

டெய்லரம்மாவுக்கு அளவு தப்பாது. முப்பத்தோரு வருடமாக ஊரார் தோளையும் இடுப்பையும் அளந்த கை அது. ஆள் வாசலில் நுழையும்போதே காலர் சைஸைச் சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தப்பாக அளந்தாள்.

அவள் புருஷன் லாரி டிரைவர். நாலு மாதமாகப் படுத்த படுக்கை. முதுகெலும்பில் கட்டி, கெட்ட கட்டி என்று டாக்டர் சொன்னதை வீட்டுக்கு வரும் வழியிலேயே நரம்பு வீக்கமாக மாற்றிவிட்டாள். “மழைக்காலம் முடியறதுக்குள்ள எழுந்து நடப்பீங்களாம்” என்று கூசாமல் ஒரு போடு போட்டாள். மனுஷன் நம்பி, பழைய செருப்பை எடுத்துத் தைக்கக் கொடுக்கச் சொன்னார். இவளும் கொடுத்தாள், என்ன செய்வாள் பாவம்! டாக்டரிடம் மட்டும், “எதுவானாலும் எங்கிட்டயே சொல்லுங்க, அவருக்குத் தெரியவே கூடாது” என்று கெஞ்சி வைத்திருந்தாள். கடைசிப் பரிசோதனையின் முடிவு பாக்கி இருந்தது.

இதற்கு நடுவில் மகள் ஒரு ஜோடி கார்ட்லெஸ் போன் வாங்கி வந்தாள். இரண்டுக்கும் பொதுவான பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு போன் அவர் கையருகே, இன்னொன்று முன்னறையில் தையல் மெஷின் மேல். மருமகன் டெய்லரம்மாவின் செல்லை வாங்கி, ப்ளூடூத்தில் அந்தப் பெட்டியோடு சேர்த்துவிட்டார்.

“இனிமே உங்க செல்லுக்கு வர்ற கால் எல்லாம் இந்த ரெண்டுலயும் அடிக்கும் அத்தை. எதை எடுத்தாலும் பேசலாம். செல்லு மட்டும் பெட்டிக்குப் பத்து மீட்டருக்குள்ள இருக்கணும். தாண்டிட்டா விட்டுடும்.”

அதுவரை மெஷின் சத்தத்தில் பாதி வாடிக்கைக்காரர்களின் அழைப்பு காதிலேயே விழாது. இப்போது முதல் மணிக்கே படுக்கையறையிலிருந்து கணீரென்று குரல் வரும். “டெய்லர் வீடு, மேனேஜர் பேசறேன். எப்ப வேணாலும் வாங்க, நான் இங்கதான் இருப்பேன். எங்க ஓடிடப் போறேன்!” சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். தெருவே அவரை மேனேஜர் என்று கூப்பிட ஆரம்பித்தது. நாலு மாதமாக சவரத்துக்கே முகம் கொடுக்காதவர், தினமும் கண்ணாடி கேட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தால்? அதையும் அவரே எடுத்துவிடுவாரே! இணைப்பை எடுத்துவிடலாம், ஆனால் அந்த மேனேஜர் வேலையைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மேல் கூப்பிடுவதாக டாக்டர் சொன்னதும், புருஷன் கண்ணயர்ந்த நேரம் பார்த்து டேப்பை எடுத்தாள். பெட்டியிலிருந்து ஆரம்பித்து, அறைவாசல், சமையலறை, பின்கதவு, மூலை திரும்பி, துவைக்கிற கல் வரைக்கும். சட்டையின் கைக்குழியை அளப்பதுபோல ஒவ்வொரு வளைவிலும் விரலை அழுத்திப் பிடித்து அளந்தாள். சுளையாகப் பன்னிரண்டு மீட்டர் வந்தது, பத்தைத் தாண்டியாச்சு. அங்கே நின்று ‘உம்’ கொட்டினால் போதும், பேசப் போகிறவர் டாக்டர்தானே.

அடி பைத்தியக்காரி! துவைக்கிற கல் இருந்தது படுக்கையறைச் சுவருக்கு நேர் பின்னால். டேப் தரையோடு வளைந்து போகும். சிக்னலுக்கு வாசலும் மூலையும் ஏது? அது நேரே சுவருக்குள் புகுந்து வரும். நேர்க்கோட்டில் பார்த்தால் மூன்று மீட்டர்கூடக் கிடையாது.

வியாழக்கிழமை பதினொன்றேகாலுக்கு அவள் கை முழுக்கச் சோப்பு நுரை. செல் மணியடித்தது. அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கமும் அடித்தது. அவள் நுரையை உதறினாள். செல்லை எடுப்பதற்குள் மணி நின்றுவிட்டது. காதில் வைத்தாள், ஒரு சத்தமும் இல்லை. திரையைப் பார்த்தாள். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

சன்னல் வழியே அவர் குரல் கேட்டது.

“ஆமா, டெய்லரம்மா வீடுதான்... இல்லைங்க டாக்டர், அவர் தூங்கறாரு. நான் அவங்க அண்ணன் பேசறேன். எங்கிட்ட சொல்லலாம்.”

அவளுக்கு அண்ணனே கிடையாது. சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ஈர விரலுக்குத் திரை மசியவில்லை. மறுபடி அழுத்தினாள். பாழாய்ப்போன விரல், பாழாய்ப்போன சோப்பு!

“எவ்வளவு நாள்னு வெச்சுக்கலாம், டாக்டர்?”

அவள் கொடியில் காய்ந்த துணியை இழுத்து விரலைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“சரிங்க. தங்கச்சிகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன். பாவம், அவளே தனியா எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு இருக்கா.”

துடைத்து முடித்தபோது அழைப்பு முடிந்திருந்தது. இரண்டு நிமிடம், ஆறு விநாடி.

உள்ளே போனாள். அவர் போனை மார்பில் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருங்க போன்ல?”

“ராங் நம்பர். துவைச்சு முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேன்.”

ஓவென்று கத்தி அழவேண்டும்போல இருந்தது அவளுக்கு. அழுதால் அவர் சொன்ன பொய் வீணாகிவிடும். போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்து, “கையெல்லாம் ஒரே சோப்பு” என்றார்.

மறுபடி மணி அடித்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

“டெய்லர் வீடு, மேனேஜர் பேசறேன்... பள்ளிக்கூட யூனிஃபார்மா? ரெடியாகிடும். அடுத்த மாசம் எப்ப வேணாலும் வாங்க.”

‘நான் இங்கதான் இருப்பேன்’ என்ற வழக்கமான பேச்சுக்காக அவள் காத்திருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“அவ இருப்பா.”