மகனுடைய கிரேன்

சுசானா பெலுஷைப் பற்றி எங்கள் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். செத்த மகனை வேலைக்காக உயிரோடு வைத்திருந்தவள் என்பது அதில் ஒன்று. அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்களுடைய நாக்கை என்ன செய்வது? நடந்ததை நான் சொல்கிறேன்.

அமெரிக்காவில், மொனொங்கஹேலா ஆற்றங்கரை உருக்காலையில் அவளுடைய ஒரே மகன் மத்தூஷ் கிரேன் ஓட்டினான். உருகிய இரும்பு தளும்பும் கொப்பரையைக் கூரையை ஒட்டி நகர்த்திக்கொண்டு போய் அச்சுகளின் மேல் நிறுத்துகிற வேலை. 1942இல் பட்டாளத்துக்குப் போனான். போன கையோடு அவன் மனைவி ஐரீன், வெள்ளைத் துணியில் நீல நட்சத்திரம் தைத்த சிறு கொடியை முன் சன்னலில் தொங்கவிட்டாள். ஒரு வீட்டிலிருந்து எத்தனை பேர் போருக்குப் போனார்களோ அத்தனை நீலம். போனவன் இறந்தால் அவனுடைய நீலத்தின் மேல் சற்றே சிறிய தங்கநிற நட்சத்திரத்தைத் தைத்துவிடுவார்கள். எங்கள் தெருவில் சன்னலைப் பார்த்தே துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள்.

ஆண்கள் போனதும் ஆலை பெண்களைக் கூப்பிட்டது. சுசானாவின் கணவன் சுரங்கத்தில் மாண்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஊரார் துணியைத் துவைத்தே மகனை ஆளாக்கியவள், போய் மகனுடைய கிரேனையே கேட்டாள். மேஸ்திரி கெரிகன் சிரித்தார்.

"அம்மா, அது உங்க வீட்டு அகப்பை இல்ல."

பனிக்காலம் முடிவதற்குள் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ஏணியில் ஏறி அந்த இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்து, நெம்புகோலைப் பிடித்து அவள் மணியை அடித்தால், கீழே அத்தனை ஆண்களும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் அழுக்குக்குக் குனிந்தவளுக்கு அது பிடித்திருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டாள், அவ்வளவுதான்.

போர் முடிய இருந்த நேரத்தில் தந்தி வந்தது. மத்தூஷ் ஜெர்மனியில் காணாமல் போய்விட்டான். இறந்தான் என்றில்லை, பிழைத்தான் என்றுமில்லை. சன்னலில் நீலமே இருந்தது.

கோடையில் போர் முடிந்தது. ஆலைப் பெண்களை வரிசையாக நிறுத்தி, நன்றி சொல்லி, ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டாளத்துக்குப் போனவனுக்கு அவன் விட்டுப்போன வேலை சொந்தம் என்று சட்டமே இருந்தது. கெரிகன் சுசானாவைத் தனியே கூப்பிட்டார்.

"அது மத்தூஷோட இடம்மா. அவன் வந்து கேக்கிற வரைக்கும் நீங்க உக்காருங்க. வரமாட்டான்னு தெரிஞ்சா, திரும்பி வந்த வேற ஒருத்தனுக்குத்தான் நான் குடுத்தாகணும்."

இப்படியாக அந்த நீல நட்சத்திரமும் கிரேனும் ஒரே முடிச்சில் விழுந்தன. வேலை போன பெண்கள் அவள் வீட்டுச் சன்னலை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள்.

இலையுதிர் காலத்தில் ஒஹையோவிலிருந்து பஸ் ஏறி ஒரு பையன் வந்தான். பெயர் வெஸ்லி. மத்தூஷின் டாங்கியில் இருந்தவன். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவன். கழுத்துத் தோல் சுருங்கிப் பளபளத்தது. ஐரீன் வேலைக்குப் போயிருந்தாள். முட்டைக்கோசு இலையில் கறி சுருட்டி வேகவைத்ததைச் சுசானா அவன் முன் வைத்தாள். அவன் தொடவில்லை.

"டாங்கி எரிஞ்சுச்சும்மா. நான் வெளிய விழுந்தேன். அவன் விழல."

அவன் வேறு பக்கமாக இறங்கியிருக்கலாமே என்று அவள் கேட்டாள்.

"இல்லம்மா. நான் பாத்தேன்."

மருமகளுக்கும் தானே சொல்லட்டுமா என்று அவன் கேட்டதற்கு, நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அவனை அனுப்பிவைத்தாள். பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்று கூண்டுக்குள் வாய்விட்டுக் கதறினாள். ஆலை இரைச்சலில் ஒருவர் காதிலும் அது விழவில்லை. கொப்பரை ஒன்றுகூடச் சிந்தவில்லை.

ஐரீனிடம் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. பனி விழத் தொடங்கியும் சொல்லவில்லை. வேலைக்காகத்தான் மறைத்தாளா? ஆமாம், வேலைக்காகவும்தான். ஆனால் அந்தக் கூண்டில் மகன் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்த இருக்கை இருந்தது. புதைக்க உடம்புகூட இல்லாத மகனுக்கு, உலகத்தில் மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான். அதையும் எப்படி விடுவாள்?

கிறிஸ்துமஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ஐரீன் தலை நிமிராமலே பேசினாள்.

"அத்தை, ரேமண்ட் தன்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டாரு."

ரேமண்ட் பக்கத்துத் தெருப் பையன். உயிரோடு திரும்பி, அரசாங்கச் செலவில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"நீ என்ன சொன்ன?"

"முடியாதுன்னுட்டேன். சன்னல்ல நீலம் இருக்கிற வரைக்கும் நான் மத்தூஷ் பொண்டாட்டிதானே."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை அவள். அதுதான் சுசானாவைச் சுட்டது. இந்தப் பெண்ணை, இருபத்துநான்கு வயதுக்காரியை, ஒரு கிரேனுக்காக நான் கட்டிப்போட்டிருக்கிறேன் என்று அவளுக்கு உறைத்தது.

மறுநாள் கடைக்குப் போய்த் தங்கநிறத் துணி கேட்டாள். கடைக்காரர் எவ்வளவு என்று கேட்கவில்லை. அந்த வருடங்களில் அதை எந்த அளவுக்கு வெட்ட வேண்டும் என்று எல்லாக் கடைக்காரருக்கும் தெரிந்திருந்தது. ஐரீனை எதிரே உட்காரவைத்து, வெஸ்லி வந்ததையும் சொன்னதையும், இத்தனை நாள் தான் மறைத்ததையும் சொல்லிக்கொண்டே தைத்தாள். ஐரீன் அழுதாள். பிறகு எழுந்து வேறு அறைக்குப் போனாள். அதற்குப் பிறகும் அவர்களுக்குள் பேச்சு இருந்தது. அத்தை என்கிற வார்த்தை மட்டும் இல்லை. இளவேனிலில் ரேமண்டோடு அவளுக்குக் கல்யாணம் முடிந்து, தூரத்து ஊருக்குக் குடிபோய்விட்டாள்.

தங்கம் ஏறிய முதல் திங்கட்கிழமையே கெரிகன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஏணியடியில் நின்றார்.

"நாட்டுக்கு நீங்க குடுத்தது போதும்மா. இனிமே ஓய்வெடுங்க."

"நான் ஓய்வு கேக்கலையே."

தரை கூட்டுகிற வேலையாவது கொடுங்கள் என்றாள். அதுவும் நடக்கவில்லை. தங்க நட்சத்திரத் தாயைத் துடைப்பத்தோடு பார்த்தால் ஊர் காறித் துப்பும் என்றார் கெரிகன். நல்ல மனிதர்தான் அவர். அதை மனதார, மரியாதையாகவே சொன்னார். பழையபடி அவள் வீட்டிலேயே ஊரார் துணியைத் துவைத்தாள். அதை யாரும் பார்க்கப் போவதில்லை அல்லவா?

மே மாதம், போரில் மாண்டவர்களுக்கான நினைவு நாள் ஊர்வலத்தில், முதல் திறந்த காரில் அவளை உட்காரவைத்தார்கள். பக்கத்தில் மேயரின் மனைவி. மடி நிறையப் பூ. கார் ஆலை மதிலை ஒட்டிப் போகும்போது உள்ளே கிரேன் மணி அடித்தது. பூக்களுக்கு அடியில் சுசானாவின் வலது கை, அங்கே இல்லாத நெம்புகோலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

மேயரின் மனைவி அன்பாகக் குனிந்து சொன்னாள்:

"கையை ஆட்டுங்கம்மா. எல்லாரும் உங்களைத்தான் பாக்கிறாங்க."

சுசானா பூக்களுக்குள்ளிருந்து கையை எடுத்து ஆட்டினாள்.