சாம்பல் மேகம்

இலங்கையில் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவில் பதினொரு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஜெயலெட்சுமியின் வேலை. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனபின் பால் கொடுப்பது, தூங்க வைப்பது எல்லாம் அவள்தான். பிள்ளைகள் கண்ணயர்ந்ததும் ஃபோனைத் திறப்பாள். நாடகம் பார்க்க இல்லை, மேகம் பார்க்க.

மீரியபெத்தையில் மண் சரிந்தபோது அவளுடைய சித்தி குடும்பமே மண்ணுக்குள் போய்விட்டது. "மழை என்ன சொல்லிட்டா வருது?" என்று துக்க வீட்டில் யாரோ சொன்னது அவளுக்குப் பொறுக்கவில்லை. சொல்கிறதா இல்லையா, பார்த்துவிடுவோம் என்று இறங்கினாள்.

செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் படங்கள் இலவசமாகவே கிடைத்தன. விளக்கம் மட்டும் ஆங்கிலம். பதுளையில் டீச்சராக இருக்கும் கூட்டாளி ஷஹீலாவிடம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டாள். வெட்டிய போத்தலில் மழையை அளந்து, அந்நேரத்து மேகத்தின் நிறத்தையும் கொப்பியில் எழுதினாள். ஆறு வருடத்தில் நான்கு கொப்பி.

வெப்பத்தை வைத்து எடுக்கும் படத்தில் உயரமான, குளிர்ந்த மேகம் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். எல்லாரும் அதற்குத்தான் பயப்படுவார்கள். ஆனால் அவளுடைய மலையில் பேய்மழை கொட்டிய நாட்களில் பாதிக்குப் பாதி, படத்தில் வெறும் சாம்பல்தான் இருந்தது. மொனராகலைப் பக்கமிருந்து தாழ்வாக ஏறி, மலையில் முட்டி, நகராமல் நிற்கிற மேகம் அது.

முதல்தடவை அவள் எச்சரித்தபோது ஒன்றும் நடக்கவில்லை. சட்டி பானையோடு கோயில் மண்டபத்துக்குப் போன சனம் மறுநாள் நல்ல வெயிலில் திரும்பி வந்தது. மேகக்காரி என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். அவள் கொப்பியில் எழுதினாள்: 'நான் பார்த்தது பிழை. மேகம் நின்றது மூன்று மணி நேரம்தான்.'

போன ஜனவரியில் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை எட்டு மணியிலிருந்து படங்களை ஓட விட்டுப் பார்த்தாள். பத்தரை ஆகியும் சாம்பல் விளிம்பு அசையவில்லை. முந்தின நாள் மாலை வந்து ஒட்டியது அப்படியே நின்றது. காம்பராவின் பின்சுவர் ஓரம் செந்தண்ணீர் கசிந்தது. மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை சின்னராசாவுக்கு ஃபோன் போட்டாள்.

"பிள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போகணுங்க. விடுங்க."

"எதுக்கு? நானும் படம் பார்த்தேன். வெள்ளையா ஒண்ணுமே இல்ல."

"அதாங்க பயமா இருக்கு."

"போன தடவ ஊரே சிரிச்சது போதாதா? காம்பராவ விட்டுப் போனா வேலை இருக்காது."

"வேலை போனா போகட்டுங்க."

கைக்குழந்தை இரண்டை இடுப்பிலும் தோளிலும் சுமந்து, மற்றவர்களை ஒரு சேலையைப் பிடிக்கச் சொல்லி, பள்ளிக்கூடத்து ரோட்டு வளைவு வரை நடத்தி வந்தாள். அங்கே நின்று மலையைப் பார்த்து, தாய்மாரை இறங்கி வரச்சொல்லிக் கத்தினாள். விதுஷாதான் முதலில் கூடையை இறக்கினாள். அவளுடைய மகன் அந்தச் சேலையைப் பிடித்திருந்தான். பின்னாலேயே மற்ற தாய்மாரும் இறங்கினார்கள்.

"இறங்கினா பேர் வெட்டிருவேன், இன்னைக்குச் சம்பளம் கிடையாது!" ஓடி வந்த சின்னராசா வழிமறித்தார்.

"வெட்டிக்கங்க," என்று விதுஷா அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

பகல் ஒன்றே முக்காலுக்கு மலை முனகியது. பின்பக்கத்து மண்திட்டு சரிந்து காம்பராவுக்குள் தொட்டில் உயரத்துக்கு நிறைந்தது. உள்ளே யாரும் இல்லை.

மண் சரிந்த நான்காம் நாள் தோட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதியின்றி வேலைத்தலத்தை விட்டுப் போனதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அன்றைக்கே பதில் எழுதினாள்: 'அனுமதி கேட்டேன். கொடுக்கவில்லை. இனியும் கேட்பேன். கொடுக்காவிட்டாலும் போவேன்.' கீழே ஒன்பது தாய்மார் கையெழுத்துப் போட்டார்கள்.

அதற்குப் பதில் வரவில்லை. வேலையும் போகவில்லை. பள்ளிக்கூடத்தின் ஓர் அறையில் பிள்ளைக்காம்பரா நடக்கிறது. பழைய இடத்திலேயே திரும்பக் கட்டலாமென்று நாடாவோடு அளக்க வந்தவர்களின் முன்னால் போய் நின்றாள்.

"கட்டுறதுன்னா கட்டுங்க. ஒரு பிள்ளையக்கூட நான் இங்க கொண்டாரமாட்டேன்."

நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.