அப்பா துவைத்த சட்டை

சிராங்கூன் ரோட்டில் என் சலவைக் கடையைத் தெரியாதவர் இருந்தால், அவர் சிங்கப்பூருக்குப் புதுசு. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று பெரிய பெரிய ஹோட்டல்களின் வெள்ளைத் துணியெல்லாம் என் மெஷினில்தான் சுற்றுகிறது. இந்தத் தொழில் அம்மா கையிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி.

அப்பாவுக்குச் செம்பவாங் பக்கம் ஆர்கிட் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிற வேலை. அவர் வருமுன்னே மருந்து வாடை வீட்டுக்குள் வந்துவிடும். மருந்தில் நனைந்த அந்தச் சட்டையை அம்மா மடியில் போட்டுக் கசக்குவார். நாங்கள் குடியிருந்த கம்பத்து வீடுகளிலேயே அம்மாவின் வெளுப்புக்கு ஈடு கிடையாது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். வீடு திரும்பிய அம்மா, கொஞ்சம் தெம்பு வந்ததும் முதல் வேலையாக அப்பாவின் சட்டையை எடுத்தார்.

"வை அதை. நீ துவைச்சா அழுக்கே போகல" என்றார் அப்பா.

"இத்தனை வருஷம் போன அழுக்கு, இன்னிக்கு மட்டும் போகலியா?"

ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத மனுஷன், சட்டையை வாங்கிக்கொண்டு பொதுக்குழாய்க்கு நடந்தார். அங்கிருந்த பெண்கள் சும்மா விடுவார்களா? "அண்ணே, அப்படியே என் சேலையையும் அலசிக் குடுங்க லா!" அப்பா சிரித்துக்கொண்டே சோப்புப் போட்டார். கூடப் போய் நின்ற எனக்குத்தான் மானம் போனது. வீட்டில் அம்மாவோ அழுதுகொண்டிருந்தார். அன்றிலிருந்து மழைக்காலத்தில் ஈரச் சட்டையோடு வேலைக்குப் போனாரே தவிர, அம்மாவை அதைத் தொடவிடவில்லை.

நான் கடை திறந்த அன்று, மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவே வாயைத் திறந்தார். "மருந்துத் தண்ணி போன வாய்க்கால்ல மீனெல்லாம் செத்து மிதந்துச்சுப்பா. அதேதானே அவ மடியிலயும். சொன்னா பயந்துடுவா. கோவிச்சுக்கிட்டாப் பரவாயில்லன்னு விட்டுட்டேன்."

என் மகள் டாக்டர். சில பூச்சிமருந்துகள் அந்த நோயை வேகமாக வளர்க்கலாம், மற்ற இடங்களுக்குப் பரவவும் வைக்கலாம் என்கிறாள். இன்னும் ஆராய்கிறார்களாம், பாட்டி விஷயத்தில் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். இருக்கட்டும். அம்மாவுக்கு நோய் திரும்பவில்லை. என் மூன்றாவது கடைக்கும் அவர்தான் விளக்கேற்றினார். வந்தவர்களிடமெல்லாம், "என் வெளுப்பு அவருக்குப் பிடிக்காதாம்" என்று குறைப்பட்டார். அப்பா அன்றும் சிரித்துக்கொண்டே நின்றார்.

அன்று குழாயடியில் நின்ற ஒன்பது வயதுப் பையனான எனக்கு, அப்பா அம்மாவின் வேலையில் குறை சொல்கிறார் என்பது மட்டும்தான் தெரிந்தது.