ஸ்பீக்கருக்கு வைத்த சந்தனம்

கனடாவில் வெயில் வந்துவிட்டால் ஜனங்கள் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்கிறார்கள். எங்கள் சேலையூரில் அப்படிச் செய்தால், குடும்பம் நொடித்துவிட்டது என்று கேம்ப் ரோடு முழுக்கப் பேசுவார்கள். மகளோடு வந்து நாலு வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை.

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் இரண்டு பழைய ஸ்பீக்கர்களை வைத்திருந்தார். ஒன்றின் நடுக்குமிழ் உள்ளே அமுங்கியிருந்தது. ஒட்டுகிற டேப்பை அதன்மேல் அழுத்தி மெல்ல இழுத்தார். குமிழ் வெளியே வந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நல்ல ஸ்டீரியோ செட் என்பது என் வீட்டுக்காரருக்கு வாலிபத்திலிருந்தே கனவு. அவருடைய சிநேகிதர், ரேடியோ மெக்கானிக் செல்வராஜ், பாகம் பாகமாகத் தேடிச் சேர்த்துச் செய்துகொடுத்தார். அந்த வருஷ ஆயுத பூஜைக்குத் தையல் மிஷின், சைக்கிள், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். ஸ்பீக்கரை மட்டும் விடலாமா? முன்துணியைக் கழற்றி நடுக்குமிழில் ஈரச் சந்தனத்தை அழுத்தினேன். குமிழ் உள்ளே அமுங்கிவிட்டது. துடைத்துவிட்டுத் துணியை மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒருத்தர் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவு ராங்கி எனக்கு.

மறுநாள் பாட்டு கரகரத்தது. செல்வராஜ் வந்து பார்த்தார்.

"யாரோ கை வெச்சிருக்காங்கண்ணா."

"ஓட்டை ஸ்பீக்கரை என் தலையில கட்டிட்டு என் வூட்டையே சொல்றியா? நல்லா கீதுடா உன் நியாயம்" என்று என் வீட்டுக்காரர் பாய்ந்தார்.

செல்வராஜ் என்னை ஒருமுறை பார்த்தார். "காபி போடட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம் அண்ணி" என்று போனவர், அப்புறம் எங்கள் படி ஏறவேயில்லை.

போன சனிக்கிழமை அந்த ஸ்பீக்கர்கள் முன்னால் கண் கலங்கி நின்ற என்னைப் பார்த்த வெள்ளைக்காரர், வாங்க வழியில்லை என்று நினைத்துக்கொண்டார். "ஃப்ரீ, ஃப்ரீ" என்று இரண்டையும் தூக்கிவந்து எங்கள் வாசலில் வைத்தார்.

"இன்னாம்மா, தெருவுல கையேந்துனியா?" என்றாள் மகள்.

சேலையூருக்கு போன் போட்டேன். கனடாக் குளிருக்குப் பயந்து வீட்டுக்காரர் அங்கேயே இருக்கிறார்.

"ஏங்க, அந்த ஸ்பீக்கரை அமுக்கினது நான்தான்."

அங்கே ஓடிக்கொண்டிருந்த டிவியை அவர் அணைப்பது கேட்டது.

"அவனைத் திருடனாட்டம் பேசி அனுப்பினேனேடி."

"ம்."

"நான் போய் இன்னான்னு சொல்றது? காலையில அவன் வாசல்ல போனைப் புடிச்சிக்கினு நிக்கிறேன். நீயே சொல்லு."

அங்கே மறுநாள் காலை, இங்கே சாயங்காலம். அஸ்தினாபுரத்தில் செல்வராஜ் வீட்டுக் கதவு போன் திரையில் தெரிந்தது. தாழ்ப்பாள் விலகும் சத்தம். நான் இங்கே நாற்காலியிலிருந்து எழுந்து, வீட்டுக்குள் போட்டிருந்த செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.